பாயசத்தில் விட்ட மிதவை

ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த ஆளை நிறுத்தி, "வாளிய கொஞ்சம் கீழ வைப்பா" என்றார் ஒருவர். சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். பாயச வாளிக்குள் விட்டார். பக்கத்து இலைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சுகாதார இலாகாவிலிருந்துதான் யாரோ வந்துவிட்டார்கள் என்று பெண்ணின் அப்பா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். இவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, குழலில் இருந்த கோட்டைப் படித்துவிட்டு, "நாப்பதுல நிக்குது. நல்ல பாயசம். ஊத்து" என்றார்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். இந்த ஆளிடம்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று அங்கே யாருக்காவது தெரிந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று பயம்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் மரியாதை கொடுத்தது மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை இருந்ததே இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலும் இல்லை, இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை.

அந்தக் கண்ணாடிக் குழல் தோல் ஷெட்டில் புழங்குகிற சாமான். ஆவாரம்பட்டையை ஊறவைத்து எடுக்கிற தண்ணீரில் தோலைப் போட்டுப் பதப்படுத்துவார்கள் அல்லவா, அந்தப் பட்டைத் தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பதற்கு அதை உள்ளே விடுவார்கள். தண்ணீர் கெட்டியாக இருந்தால் குழல் மேலே எழும்பி நிற்கும். நீர்த்திருந்தால் முங்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாங்கள் அதை மிதவை என்போம். இவர் சின்ன வயதிலிருந்து ஒரு பட்டை ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர். ஷெட்டை மூடியபோது மற்றவர்கள் பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் மிதவையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிறகு மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் அதே மாதிரி ஒரு பழைய தோல் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மூலிகையிலிருந்து சத்தைப் பிரித்துப் பவுடராக்கி விற்கிற கம்பெனி ஆரம்பித்தார். சர்க்கரை நோய்க்குப் பவுடர். அது ஒன்றுதான் அங்கே ஓடிய சரக்கு.

எங்கள் தெருப் பெண்கள் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவார்கள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நான் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு இவருடைய ஷெட்டுக்குப் போனேன். வேலைக்கு எடுத்த அன்று என் சர்டிபிகேட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சொம்பு டீயை என் முன்னால் வைத்து, "இது எவ்ளோ நிக்கும்? குத்துமதிப்பா சொல்லும்மா" என்றார். கிறுக்கனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி பன்னிரண்டு என்றேன். மிதவையை விட்டார். பதினொன்று.

"அட! கண்ணு இருக்குதும்மா உனக்கு. நாளைல இருந்து வந்துடு."

இப்படித்தான் நான் அந்தக் கம்பெனியின் கெமிஸ்ட் ஆனேன்.

அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. யார் வந்தாலும் சொல்வார். "பட்டைத் தண்ணி தோலுக்கு மருந்து. மூலிகைத் தண்ணி மனுசனுக்கு மருந்து. கெட்டியா நின்னா தோலு பழுக்கும், கெட்டியா நின்னா மனுசன் தேறுவான். ரெண்டுக்கும் ஒரே கணக்குதான்." சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் மூஞ்சியைப் பார்ப்பார். தலையாட்டும்வரை விடமாட்டார். வாசனை, ருசி என்று யாராவது பேச்செடுத்தால், "நாக்கு பொய் சொல்லும், மூக்கு பொய் சொல்லும். கண்ணாடி பொய் சொல்லாது" என்பார். பால்காரன் அவரைப் பார்த்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்புவான். ஷெட்டுக்கு மதியம் சாம்பார் கொண்டுவருகிற அம்மாள், "மனுசன் சோறு துன்றதுக்கு முன்னாடி பரிட்ச வெக்கறானே, பேஜாருடா சாமி" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

சர்க்கரை நோய்க்கு அவர் எடுத்துக்கொண்டது சிறுகுறிஞ்சான் இலை. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து மூட்டையில் வரும். தப்பான இலை இல்லை. ஆனால் அதை அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கேட்கவேண்டும். பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவிடுவார். மிதவையை விட்டுப் பார்ப்பார். எட்டில் நிற்கும். இன்னும் கொதிக்கவிடுவார். பத்து. அவருக்கு இருபத்தைந்து வேண்டும். பட்டை ஷெட்டில் தோல் ஊறுகிற கடைசித் தொட்டி இருபத்தைந்தில் நின்றதாம், அதனால் மருந்தும் இருபத்தைந்தில் நிற்கவேண்டுமாம்! இலையைக் கொதிக்கவைத்தே கொன்றபிறகும் இருபத்தைந்து வராது. அப்புறம் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றுவார். கடுக்காய் போட்டால் மிதவை குபுக்கென்று எழும்பும். அவர் முகமும் கூடவே எழும்பும்.

சேர்ந்த புதிதில் எனக்கு வேகம் இருந்தது. இந்த ஆளுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுக்கிறேன் என்று, கொஞ்சம் இலையைத் தனியாக எடுத்து, ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, அடுப்பில் ஏற்றாமல் இரண்டு நாள் ஊறவைத்து வடித்தேன். அதில் ஒரு கரண்டியைத் தட்டில் காயவைத்தேன். சிறுகுறிஞ்சானுக்கு ஒரு குணம் உண்டு. அதை நாக்கில் தடவிக்கொண்டு சர்க்கரையைத் தின்றால் இனிக்காது, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். இலையின் சத்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி அதுதான். அண்டா அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தரக்காவைக் கூப்பிட்டேன்.

எஸ்தரக்கா நாக்கை நீட்டினாள். நான் தடவினேன். அப்புறம் ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்தேன். மென்றாள். கண் விரிந்தது.

"அடி ஆத்தி! இன்னா பாப்பா இது, மண்ணாட்டம் இருக்குது!"

இன்னொரு ஸ்பூன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதுவும் மண். ஷெட்டில் இருந்த ஏழெட்டுப் பேரும் வரிசையில் நின்று நாக்கை நீட்டினார்கள். ஒரே சிரிப்பு. எஸ்தரக்காவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. "எனக்கே சக்கர மண்ணாப் போச்சுன்னா, இது உள்ள போனா இன்னா வேலை செய்யும்!" என்று எல்லோரிடமும் சொன்னாள். நாக்கை ஏமாற்றுவது வேறு, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. அதை நான் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். எல்லோரும் கெட்டிக்காரி என்று பார்க்கிற நேரத்தில் அதெல்லாம் வாயில் வருமா?

சத்தம் கேட்டு அவர் வந்தார். ஜாடியில் இருந்ததைப் பார்த்தார். மிதவையை எடுத்து விட்டார். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. மிதவை பூஜ்ஜியத்தையும் தாண்டி, தலை மறைய முங்கி, அடியில் போய் 'டொக்' என்று உட்கார்ந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கமாட்டார்.

"இன்னாம்மா இது? தண்ணியவிட கம்மியா இருக்குது!"

"சார், நாக்குல வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

"நாக்கு பொய் சொல்லும்மா" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் ஊற்றினார். ஊற்றிவிட்டு ஜாடியைக் கழுவி என்னிடமே கொடுத்தார். திட்டவில்லை. "கத்துக்கிற வயசுதானே" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை பற்றிக்கொண்டு வந்திருக்காது.

இன்னொரு நாள் வெல்லத்தைக் கரைத்து ஜாடியில் ஊற்றி, மேலே ஒரு துளசி இலையை மிதக்கவிட்டு மேஜையில் வைத்தேன். வந்தார், மிதவையை விட்டார். முப்பத்தைந்து. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "எந்த மலையில எடுத்தது? மூட்ட இன்னா வெல?" என்று கேட்டார். "வெல்லத் தண்ணி சார்" என்றேன். ஷெட்டே சிரித்தது. அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வெல்லத்துலயும் சத்து இருக்குதும்மா. இரும்புச் சத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது? மாட்டுக்கு மந்திரம் சொல்லலாம், மேஸ்திரிக்குக் கெமிஸ்ட்ரி சொல்ல முடியாது.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மதிப்பாவது வந்திருக்கும். ஏமாற்றுகிறவனுக்கு எது நிஜம் என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. தன் வீட்டம்மாவுக்கே அந்தப் பவுடரைத்தான் கொடுத்தார். கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த அம்மாவுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்ததாம். பவுடர் கொடுக்க ஆரம்பித்து ஒரு வருஷத்தில் ரிப்போர்ட் அழகாக வந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் பூ வைத்திருந்தார். அதைப் பல நூறு காப்பி எடுத்து ஒவ்வொரு பவுடர் டப்பாவுக்குள்ளும் ஒன்று மடித்து வைப்போம். அதன் கீழே ஒரு சின்னச் சீட்டு, தரம் பார்க்கப்பட்டது என்று. அந்தச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

ஒரு மத்தியானம் லேபில் யாரும் இல்லாதபோது, எங்கள் பவுடரையே நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடுக்காய்த் துவர்ப்பு வாயை இழுத்தது. அப்புறம் சர்க்கரையைப் போட்டேன். நன்றாக இனித்தது. துவர்த்த வாய்க்குச் சர்க்கரை எப்போதையும்விட ஜாஸ்தி இனிக்கும். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் ஒரு கட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு முடித்தேன். இவர் மூடத்தனத்துக்கு நான் என்ன செய்வது, வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டேன்.

எஸ்தரக்கா அந்தப் பவுடரை மோரில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ருசி எப்படிக்கா இருக்குது?"

"செருப்ப ஊற வெச்ச தண்ணியாட்டம் இருக்குது பாப்பா. மருந்துன்னா அப்படித்தானே இருக்கும்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். மாத்திரை போடுகிறாயா என்று கேட்கவில்லை.

அண்டா அடுப்பில் வேலை செய்கிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஈரத்தில் நிற்கவேண்டும். எஸ்தரக்காவின் வலது காலில் பூட்ஸ் கடித்தது. சின்னக் கொப்புளம்தான். அது உடைந்தது, ஆறவில்லை. அவள் மஞ்சள் பற்றுப் போட்டாள். அப்புறம் துணி சுற்றினாள். அப்புறம் பூட்ஸே போடமுடியாமல் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் துணியுமாக நின்றாள். அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் தெரியாது. "நின்னாதான் பாப்பா சோறு" என்பாள்.

அவருடைய வீடு ஷெட்டுக்குப் பின்னால்தான். வீட்டம்மா தினமும் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் கேரியரோடு வந்தவர், இலை மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த எஸ்தரக்காவைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா எஸ்தரு, கால்ல?"

"புண்ணும்மா. ஆற மாட்டேங்குது."

"சக்கர இருக்குதே உனக்கு. மாத்திர போடறியா?"

"உட்டுட்டேன்மா, நாலு மாசமாச்சு. நம்ம பவுடருதான். உங்களுக்கே கேட்டுச்சே, ரிப்போர்ட்டு மாட்டி வெச்சிருக்குதே."

அந்த அம்மா குனிந்து துணியை லேசாக விலக்கிப் பார்த்தார். வாடை எனக்கே அடித்தது. கேரியரை மூட்டைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நேராக அவர் அறைக்குள் நுழைந்தார். நான் எஸ்தரக்காவைத் தாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"ஏங்க, இத பாருங்க."

"இன்னாது?"

"சக்கர மாத்திர. அஞ்சு வருசமா போட்டுக்கினு இருக்கேன், மூணு வேளயும். அந்த ரிப்போர்ட்டு இதால வந்தது. உங்க பவுடரால வரல."

"அப்ப பவுடரு?"

"கறிவேப்பிலச் செடிக்குக் கொட்னேன். அதுவும் பட்டுப்போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்கறவரா நீங்க? சந்தோசமா இருக்கீங்களேன்னு உட்டுட்டேன். இப்ப எஸ்தரு காலப் பாருங்க. நான் வாயத் தொறந்திருந்தா அவ மாத்திரய உட்டிருக்க மாட்டா."

இப்போதாவது இந்த ஆளுக்கு மண்டையில் ஏறும் என்று நான் நினைத்தேன். கத்துவார், இல்லை அழுவார், குறைந்தது தலை குனிவார். அவர் என்ன செய்தார் தெரியுமா? அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். பேப்பர் வெயிட்டால் நசுக்கினார். ஜாடியைக் கழுவித் தண்ணீர் பிடித்து, பொடியைப் போட்டுக் கலக்கினார். சட்டைப்பையிலிருந்து மிதவையை எடுத்து, துடைத்து, உள்ளே விட்டார்.

மிதவை முங்கி, ஆடி, பூஜ்ஜியத்தில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன்.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி. இதுவா உன் சக்கரயக் கொறச்சுது?" வீட்டம்மாவின் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார். "யோசன பண்ணிப் பாரு. செடிக்குக் கொட்டும்போது கையில ஒட்டினதாச்சும் உள்ள போயிருக்குமில்ல? நம்ம சரக்கு அவ்ளோ கெட்டி."

அந்த அம்மா மிதவையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஜாடித் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அடியில் தங்கிய பொடியையும் சுழற்றிக் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மத்தியான மாத்திர இது. வீணாப் போவக்கூடாது" என்றார். எஸ்தரக்கா பக்கம் திரும்பி, "நீ இங்க நிக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றார்.

நான்தான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு விரலை எடுத்ததோடு நின்றது.

மூன்றாம் நாள் அவர் பார்க்க வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. பையின் அடியில் இரண்டு டப்பா பவுடர். அண்டா வேலை வேண்டாம், உட்கார்ந்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கொடுக்கிறேன் என்றார். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டே இருந்தவரின் கண் மேலே போய்விட்டது. கம்பியில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"சிஸ்டர், இதுல கொஞ்சூண்டு ஒரு கிளாஸ்ல புடிச்சிக் குடுப்பீங்களா?"

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது. அப்போதுதான் எஸ்தரக்கா என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? ரிப்போர்ட்டுல்லாம் அப்புறம்தான். இவரு கண்ணாடிய நான் எங்க நம்பினேன்? அன்னிக்கு நீ என் நாக்குல தடவுனியே, சக்கர மண்ணாப் போச்சே, அத வெச்சுத்தான் மாத்திரய உட்டேன். அதே எலைதானே, பவுடரும் அதேதான்னு நெனச்சிக்கினேன். அது வேற இது வேறன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

அவரும் பாட்டிலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெரியாதுக்கா" என்றேன்.

எஸ்தரக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் நடுவில் வந்தார். ஒரு சாத்துக்குடியை உரித்தபடி, "அத இன்னாத்துக்குக் கேக்கற எஸ்தரு? சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும், பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசினார், அந்த மனிதர்.